ஒரு மதிப்பெண்ணும் ஐந்து மதிப்பெண்களும்



கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், புதிய வகுப்பினுள் அறிவியல் ஆசிரியர் முதன்முதலாக நுழையும்போது, உங்கள் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவற்றை நீங்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் உங்கள் கண்கள் கேட்டுவிடுகின்றன. 'இவர் எதற்கெல்லாம் கண்டிப்பார்?' என்பது ஒன்று. 'இவர் எதற்கெல்லாம் மதிப்பெண் தருவார்?' என்பது மற்றொன்று. சரவணம்பட்டியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து வரும் நான், இவ்விரண்டு கேள்விகளுக்கும் உரிய விடையை முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதிவிடுவது வழக்கம். அந்த விடையை இன்று உங்களிடமும் சொல்ல விரும்புகிறேன்.

விதி என்றாலும் மதிப்பெண் என்றாலும் உங்களுக்குச் சலிப்புத் தட்டும் என்பதை அறிவேன். விதிகள் மாணவரை அடக்குவதற்காக வந்தவை. மதிப்பெண்கள் மாணவரை அச்சுறுத்துவதற்காக வந்தவை என்று எண்ணுவோர் பலர். நானும் மாணவனாக இருந்த காலத்தில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அறிவியல் வகுப்பின் விதிகள் ஆசிரியர் தம் வசதிக்காக வகுத்தவை அல்ல. அறிவியல் தன்னைப் பொய்யிலிருந்து காத்துக்கொள்ளத் தானே கண்டுபிடித்த வழிகள் அவை. இதை எடுத்துக்காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளில் முன்பு பாடம் ஒன்றுக்கு 200 மதிப்பெண்கள் இருந்தன. 2017-18-ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்பிலும், அடுத்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பிலும் அது 100 ஆயிற்று. செய்முறை உள்ள அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 எனப் பிரித்தார்கள். அந்தப் பத்தில் வருகைக்கு 2, வகுப்புத் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. பத்தாம் வகுப்பு அறிவியலிலும் 75 மதிப்பெண்கள் எழுத்துக்கும் 25 செய்முறைக்கும் உரியவை.

இவை நீங்கள் அறிந்தவையே. ஆனால் உங்களுள் பலர் ஊன்றிப் பாராத கணக்கு ஒன்று உண்டு. மேல்நிலை இயற்பியல் செய்முறைத் தேர்வில், சோதனையை நீங்கள் செய்து எழுதுவதற்கு 15 மதிப்பெண்கள். அவை எவ்வாறு பங்கிடப்படுகின்றன? வாய்ப்பாட்டையும் அதன் குறியீடுகளுக்குரிய விளக்கத்தையும் எழுதினால் 2. செய்முறையைச் சுருக்கமாக எழுதினால் 3. காட்சிப் பதிவுகளுக்கு, அதாவது கருவியைப் பார்த்து நீங்கள் எடுத்தெழுதும் அளவுகளுக்கு, 5. கணக்கீட்டுக்கு 4. இறுதி முடிவுக்கு 1. அந்த ஒன்றிலும் பாதி எண்ணுக்கு, பாதி அலகுக்கு.

ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதியவுடன் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். "விடைக்கு ஒரு மதிப்பெண்தானா, சார்?" என்று யாரேனும் ஒருவர் கேட்டுவிடுவார். ஆம், விடைக்கு ஒன்றுதான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதற்கு ஐந்து. இந்த ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் அறிவியல் வகுப்பின் விதிகள் அனைத்தையும் புரிந்துகொண்டவர் ஆவார்.

இதை விளக்க, சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பதினோராம் வகுப்பில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனை உங்களுக்குத் தெரியும். நூலில் ஓர் உலோகக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆடச் செய்கிறோம். இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறோம். ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றி இவ்வாறு நான்கு முறை செய்து, வாய்ப்பாட்டில் இட்டு முடுக்கத்தைக் காண்கிறோம்.

அன்று ஒரு மாணவியும் ஒரு மாணவரும் அடுத்தடுத்த மேசைகளில் இச்சோதனையைச் செய்தார்கள். மாணவர் கொண்டுவந்த நோட்டில், நான்கு வரிசைகளிலும் விடை 9.81 என்றே இருந்தது. அழகான கையெழுத்து, அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மாணவியின் நோட்டில் இரண்டு இடங்களில் அடித்து எழுதியிருந்தது. அவருடைய விடைகள் 9.46, 9.53, 9.60, 9.61 என்று இருந்தன. சராசரி 9.55. அவர் முகம் வாடியிருந்தது. "எனக்கு வரவே மாட்டேன் என்கிறது, சார்" என்றார்.

நான் மாணவரின் நோட்டை மீண்டும் பார்த்தேன். 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு இருபது அலைவுகளின் நேரம் 31.08 வினாடி என்று எழுதியிருந்தார். 80 சென்டிமீட்டருக்கு 35.89 வினாடி. எங்கள் ஆய்வகத்தில் அவர் கையில் இருந்த நிறுத்துக்கடிகாரமோ வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரையில்தான் காட்டும். 31.0 என்று காட்டும், 31.1 என்று காட்டும், 31.08 என்று காட்ட அதனால் இயலாது. கடிகாரம் காட்டாத எண் நோட்டில் எவ்வாறு வந்தது? 9.81 என்ற விடையை முதலில் வைத்துக்கொண்டு, பின்னோக்கிக் கணக்கிட்டு நேரத்தை எழுதியிருந்தார் அவர்.

அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. ஏனெனில் மாணவனாக இருந்தபோது நானும் அதையே ஒருமுறை செய்திருக்கிறேன். எனக்கு அன்று முழு மதிப்பெண் கிடைத்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கப்படாமல் போனதால் நான் இழந்தது என்ன என்பதை, பின்னாளில் பிறருக்குக் கற்பிக்க வந்தபோதுதான் உணர்ந்தேன். ஊசலைக் கைப்படத் தொங்கவிட்டு மாணவர்களுக்குக் காட்ட நேர்ந்த முதல் நாளில், என் விரல்கள் தடுமாறின. ஆகவே அந்த மாணவரிடம், வாய்ப்பாட்டுக்கு 2, செய்முறை விளக்கத்துக்கு 3, ஆக 5 மதிப்பெண்களே தர முடியும் என்றும், அளந்து பெறாத எண்களுக்கும் அவற்றின்மேல் கட்டிய கணக்குக்கும் மதிப்பெண் இல்லை என்றும், மறுநாள் வந்து சோதனையை மீண்டும் செய்யலாம் என்றும் கூறினேன்.

அடுத்து மாணவியின் நோட்டை எடுத்துக்கொண்டோம். "உங்கள் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாருங்கள். அவை தாறுமாறாக இருக்கின்றனவா? அல்லது அவற்றில் ஓர் ஒழுங்கு தென்படுகிறதா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நீளம் கூடக்கூட விடையும் கூடுகிறது, சார்" என்றார். தற்செயலாக நேரும் பிழை ஒருகால் கூட்டும், ஒருகால் குறைக்கும். ஒரே திசையில் செல்லும் பிழைக்கு ஒரே காரணம் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும். தேடினோம். நூலைக் கட்டியிருந்த கொக்கி வரையில்தான் அவர் நீளத்தை அளந்திருந்தார். ஊசலின் நீளம் என்பது குண்டின் மையம் வரையிலான நீளமன்றோ? கொக்கி ஒரு சென்டிமீட்டர், குண்டின் ஆரம் ஒரு சென்டிமீட்டர். ஆக இரண்டு சென்டிமீட்டர் விடுபட்டுப் போயிற்று. 60 சென்டிமீட்டர் ஊசலில் இரண்டு சென்டிமீட்டர் பெரிது. 120 சென்டிமீட்டர் ஊசலில் அது சிறிது. ஆதலால்தான் குறுகிய ஊசலில் பிழை மிகுதியாகவும் நெடிய ஊசலில் குறைவாகவும் இருந்தது.

ஒவ்வொரு நீளத்தோடும் இரண்டைக் கூட்டி அவர் மீண்டும் கணக்கிட்டார். சராசரி 9.78 என்று வந்தது. காலத்தை அவர் மறுபடியும் அளக்கவில்லை. ஓர் எண்ணைக்கூட அழிக்கவில்லை. அவருடைய பதிவு உண்மையாக இருந்தமையால், அவர் செய்த பிழையே தன்னைத் தான் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர் 9.81 என்று எழுதியிருந்தால் அந்தப் பிழை ஆயுள் முழுதும் ஒளிந்திருக்கும்.

அவருக்கு நான் தந்தது பதின்மூன்றரை. நீளத்தை எங்கிருந்து எங்கு வரை அளக்க வேண்டும் என்பதைச் செய்முறையில் சரியாக எழுதாமைக்கு ஒன்று குறைந்தது. முதலில் எழுதிய முடிவின் எண்ணுக்கு அரை குறைந்தது. காட்சிப் பதிவுகளுக்கு ஐந்துக்கு ஐந்து.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவரின் தந்தையார் பள்ளிக்கு வந்தார். சின்னவேடம்பட்டிப் பக்கத்தில் சிறிய லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். பம்புசெட்டுகளுக்கு ஷாஃப்டு கடைந்து கொடுப்பது அவருடைய தொழில். "பையனுக்கு விடை சரியாத்தானுங்களே சார் வந்திருக்குது? சரியா எழுதினவனுக்கு அஞ்சு, தப்பா எழுதின புள்ளைக்குப் பதிமூணரைன்னா எப்படீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. நான் விடை சொல்லாமல் அவரிடமே ஒன்று கேட்டேன்: "உங்கள் பட்டறையில் ஒருவர் ஷாஃப்டைக் கடைந்து முடிக்கிறார். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்காமலே, வரைபடத்தில் உள்ள அளவை அப்படியே சீட்டில் எழுதித் தருகிறார். அதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?"

அவர் சிரித்துவிட்டார். "அளவு தப்பிருச்சுன்னா தப்பிருச்சுன்னு சொல்லிப் போடோணுமுங்க, இன்னொருக்காக் கடைஞ்சுக்கலாம். பொய்யா எழுதிக் கொடுத்தா அந்தப் பக்கம் பேரிங்கு உக்காராதுங்களே" என்றார். பிறகு மகனை நோக்கி, "நாளைக்கு இருந்து செஞ்சு போட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். மாணவர் மறுநாள் செய்தார். விடை 9.72 என்று வந்தது. பதினான்கரை பெற்றார்.

நண்பர்களே, இதில் உங்களுக்கு ஒரு வியப்பான செய்தியும் உண்டு. அந்த மாணவர் தம் விடையாகத் தேர்ந்துகொண்ட 9.81 என்ற எண் எந்த ஊருக்கு உரியது? புவியீர்ப்பு முடுக்கம் உலகெங்கும் ஒன்றாக இருப்பதில்லை. நிலநடுக்கோட்டில், கடல் மட்டத்தில், அது 9.78, துருவத்தில் 9.83. பாரிசு, இலண்டன் போன்ற வடபுல நகரங்களில் 9.81. நம் கோயம்புத்தூர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. இங்கே அது 9.78. சரவணம்பட்டியில் ஊசலை ஆட்டிவிட்டுப் பாரிசு நகரத்தின் விடையை எழுதினார் அவர்! பள்ளி ஊசலையும் கை நிறுத்தும் கடிகாரத்தையும் கொண்டு 9.78-க்கும் 9.81-க்கும் இடையே உள்ள வேறுபாட்டை உறுதியாகப் பிரித்தறிய முடியாது என்பது உண்மையே. மாணவிக்கு 9.78 என்று வந்ததில் நற்பேற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆயினும், தெரிந்த விடையை நோக்கி அளவைத் திருத்துகிறவருக்கு அந்த வேறுபாடு என்றைக்கும் தென்படாது என்பதும் உண்மையே.

இந்த வேறுபாடு முதலில் எவ்வாறு தெரிய வந்தது? 1672-ஆம் ஆண்டில் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் என்னும் ஊருக்குச் சென்றார். பாரிசு நகரில் சரியாக ஓடிய ஊசற்கடிகாரம் கயேனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. 'கடிகாரம் பழுதாகிவிட்டது' என்று எண்ணி அவர் அதை ஒதுக்கியிருக்கலாம். பாரிசு நகரத்துக் கணக்கையே எழுதிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ தாம் கண்டதை எழுதினார். வினாடி ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கினால்தான் அங்கே கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று பதிவு செய்தார். 1687-இல் வெளியான தம் பெருநூலில் நியூட்டன், பூமி சரியான உருண்டையன்று, துருவங்களில் தட்டையானது என்பதற்கு இந்த அளவைச் சான்றாக எடுத்துக்கொண்டார். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் அளவில் பூமியின் வடிவமே அடங்கியிருந்தது.

நம் நாட்டிலும் இந்த ஊசலின் வரலாறு உண்டு. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரு முக்கோண நில அளவையின் தொடர்ச்சியாக, 1865 முதல் பசேவி என்ற அதிகாரி தெற்கே குமரிமுனைப் பகுதியிலிருந்து வடக்கே இமயம் வரை பல இடங்களில் ஊசல்களை ஆட்டி அளந்தார். 1871-இல் லடாக்கின் குளிர்ந்த உயர்நிலத்தில், அளவை எடுக்கும் பணியிலேயே அவர் உயிர் நீத்தார். நீங்கள் ரிக்கார்டு நோட்டில் எழுதும் பதின்மக் கூறு ஒவ்வொன்றின் பின்னாலும் இத்தகைய உழைப்பு நிற்கிறது.

இனி, என் வகுப்பின் விதிகளைச் சொல்கிறேன். அவை நான்கே.

முதல் விதி: கருவியைப் பார்த்த கணத்திலேயே, மையினால், தேதியிட்டு எழுத வேண்டும். துண்டுத் தாளில் எழுதிப் பிறகு நோட்டில் ஏற்றுதல் கூடாது. தேதி எதற்கு என்று கேட்பீர்கள். நம் கோயம்புத்தூரில் 1912-இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே தோன்றிய கரும்பு வகைகளுக்கு ஊரின் பெயரைச் சுருக்கிக் 'கோ' என்ற முன்னெழுத்தும் ஓர் எண்ணும் தருவார்கள். அந்நிலையம் தொடக்கக் காலத்தில் தந்த கோ 205 முதல், இன்று நம் உழவர்கள் விரும்பிப் பயிரிடும் கோ 86032 வரை எல்லாம் அவ்வாறு வந்தவையே. பின்னதில் உள்ள 86 என்பது அதற்கு எண் வழங்கிய 1986-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. எண்ணிறந்த நாற்றுகளிடையே ஒன்றின் வரலாற்றை ஆண்டும் எண்ணும் கொண்டே தேடி எடுக்கிறார்கள். தேதி இல்லாத பதிவு முகவரி இல்லாத கடிதம் போன்றது.

இரண்டாம் விதி: அழித்தல் கூடாது, அடித்தல் தவறன்று. பிழையான எண்ணின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். இன்று பிழை என்று தோன்றுவது நாளைக்குச் சரியென்று தெரியலாம். தூய்மையான நோட்டுக்கு நான் தனி மதிப்பெண் தருவதில்லை. உண்மையான நோட்டுக்கே தருகிறேன்.

மூன்றாம் விதி: பிறர் அளவை உம் அளவாக எழுதுதல் கூடாது. இருவர் சேர்ந்து சோதனை செய்யலாம், சேர்ந்து விவாதிக்கலாம். ஆனால் செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதினால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை. அதற்கு ஈடாக ஓர் உரிமையும் தருகிறேன். சோதனை பிழைத்தால், மதிப்பெண் இழப்பின்றி, மீண்டும் செய்யலாம். அச்சம்தான் பொய்யை வளர்க்கிறது. மறுவாய்ப்பு இருக்கும் இடத்தில் பொய்க்குத் தேவை இல்லை.

நான்காம் விதி: புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னதற்காக எந்த மாணவரும் என் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணும் இழந்ததில்லை. ராலே பிரபு என்ற ஆங்கில அறிவியலார் நைட்ரஜன் வாயுவை நிறுத்துப் பார்த்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், வேதிப்பொருள்களிலிருந்து பெற்றது 1.2505 கிராம். வேறுபாடு அரை விழுக்காடு அளவே. அவர் அதை மறைக்கவில்லை. காரணம் விளங்கவில்லை என்று 1892-இல் 'நேச்சர்' இதழுக்கு வெளிப்படையாக எழுதி, வேதியியலார் எவரேனும் விளக்குவாரா என்று கேட்டார். அவரும் ராம்சேயும் தொடர்ந்து ஆராய்ந்து, 1894-இல் காற்றில் ஆர்கான் என்ற புதிய தனிமம் இருப்பதை அறிவித்தார்கள். 1904-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். பெரியவர்களே கேட்கும்போது, நீங்கள் கேட்பதில் நாணம் எதற்கு?

இவற்றைத் தவிர, ஆய்வகத்தில் உடலைக் காக்கும் கட்டளைகள் உண்டு. அமிலத்தில் நீரை ஊற்றாதீர்கள். நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், சுடரருகே தொங்கும் துணி வேண்டாம். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை. இவற்றை மீறினால் அன்றைய சோதனையும் இல்லை.

மாணவர்களுக்கு நான்கு விதிகள் சொன்ன ஆசிரியர் தமக்கும் சில விதிகள் வைத்துக்கொள்வதே முறை. மதிப்பெண் எவ்வாறு பங்கிடப்படும் என்பதைச் சோதனைக்கு முன்பே நான் எழுதிப் போடுவேன். திருத்திய தாளைத் திருப்பித் தருவேன். ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்பவருக்கு விடை சொல்வேன். கூட்டலில் நான் பிழைத்திருந்தால் அதை வகுப்பின் முன்னிலையில் திருத்துவேன். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே விடைத்தாளின் நகலைப் பெறவும், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. பொதுத்தேர்வில் உள்ள உரிமை வகுப்பறையில் மட்டும் இல்லாமற் போகலாமா? எழுதியதைக் காட்டும் துணிவை மாணவரிடம் எதிர்பார்ப்பவர், திருத்தியதைக் காட்டும் துணிவைத் தாமும் பெற்றிருக்க வேண்டும்.

"இவையெல்லாம் சரி, சார். கடைசியில் பொதுத்தேர்வுதானே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் இரண்டு ஆண்டுகளை நினைவூட்டுவேன். 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும், வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் வழங்கினார்கள். 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் நடைபெறவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 விழுக்காடும், பதினோராம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றிலிருந்து 30 விழுக்காடும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 'இது வெறும் காலாண்டுத் தேர்வு' என்று அலட்சியமாக எழுதியவர்களும், 'இது வெறும் ரிக்கார்டு நோட்டு' என்று பிறரைப் பார்த்து எழுதியவர்களும் அந்த ஆண்டுகளில் என்ன எண்ணியிருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2025-26-ஆம் கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அரசு முடிவு செய்தது. சிலர் இதைக் கேட்டு, 'இனி அந்த ஓராண்டு விளையாட்டுத்தான்' என்று மகிழ்ந்தார்கள். நான் வேறு விதமாக எண்ணுகிறேன். வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கமாட்டார் என்னும்போதுதான் நம் நேர்மை நம் கையில் ஒப்படைக்கப்படுகிறது. தனி ஊசல் சோதனை பதினோராம் வகுப்பில்தான் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மதிப்பெண் முக்கியமன்று என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பக்கத்தில் ஓர் அரை மதிப்பெண்ணால் கல்லூரி இடம் தவறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தறியோட்டியும், பட்டறையில் நின்றும், தோட்டத்தில் நீர் பாய்ச்சியும் படிக்க வைக்கும் பெற்றோருக்கு அந்த அரை மதிப்பெண்ணின் விலை தெரியும். நான் சொல்வது, மதிப்பெண் பெறுவதற்கு உண்மை தடையாக இராது என்பதே. கணக்கைப் பாருங்கள். விடை முற்றிலும் பிழைத்தாலும் உண்மையாகச் செய்து எழுதியவர் இழப்பது ஏறத்தாழ ஒன்று. விடையை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புனைந்தவர் அகப்பட்டால் இழப்பது பத்து. அகப்படாவிட்டாலோ, அவர் இழந்ததை எந்த அட்டவணையிலும் எழுத இயலாது. என்னைப் போல் பல்லாண்டு கழித்துத்தான் அறிந்துகொள்வார்.

அந்த மாணவி அடுத்த வாரம் தம் ரிக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். முதலில் பெற்ற 9.46, 9.53, 9.60, 9.61 ஆகிய நான்கு எண்களையும் அவர் நீக்கவில்லை. அவற்றின் கீழே, 'கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்க்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே திருத்திய அட்டவணையை வரைந்திருந்தார். நான் கையெழுத்திட்டேன். புதிய மாணவர்கள் வரும் ஒவ்வோராண்டும், அவர் இசைவோடு நான் படியெடுத்து வைத்துள்ள அந்தப் பக்கத்தை, பெயரை மறைத்து, வகுப்பில் காட்டுகிறேன். அடித்தலும் திருத்தலும் உள்ள அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன்.

நாளை நீங்கள் ஆய்வகத்துக்குச் செல்லும்போது, குண்டு ஆடி முடியும் வரை பொறுத்திருந்து, கடிகாரம் காட்டுவதை அப்படியே எழுதுங்கள். அந்த எண் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்; எனினும் அது நீங்களே கண்ட எண்.